ஹோர்ட்டன் சமவெளியும் மாமாவோட கிழங்குத் தோட்டமும்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறவங்க பொலித்தீன் எதுவும் கொண்டு போகாதீங்க, கேட்ல பையத் திறந்து பாத்து பிஸ்கட்டைக்கூட கடதாசில மாத்தித் தருவாங்க, தண்ணிப் போத்தல்ல ஒட்டியிருக்கிற லேபலையும் உரிச்சு எடுத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க. நம்ம இலங்கையில இப்பிடி ஒரு கண்டிப்பா! எனக்கு சரியான சந்தோஷம். 1988ல தேசிய பூங்காவாக்கி, 2010ல சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலை ரெண்டோடயும் சேத்து யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியல்ல போட்ட இடம் இல்லியா, பாதையும் போர்டும் நல்லாவே இருக்கு. உலக முடிவுங்கிற செங்குத்துப் பாறை விளிம்புல பனி மூடி ஒண்ணும் தெரியல, அத விடுங்க.

வழில மஞ்சப் பூ பூத்த முள்ளுப் பத்தையில சனம் செல்ஃபி எடுத்துட்டு இருந்துச்சு. அது வெள்ளைக்காரன் காலத்துல கொண்டாந்த களை, புல்வெளியவே தின்னுட்டு வருது, அத வெட்டி எடுக்கத்தான் பாடுபடுறாங்க. கார் பார்க்ல நின்ன மரை (பெரிய மான்) ஒண்ணு ஆக்கள்ட கையப் பாத்துட்டே நின்னுச்சு, தயவுசெஞ்சு ஒண்ணும் குடுக்காதீங்க.

பட்டிப்பொலயில ரயில் ஏறி ஹட்டன்ல இறங்கி மஸ்கெலியா பஸ் புடிச்சு மாமா வீட்டுக்குப் போனோம். உண்மையான காட்டுக் கதையே அங்கதான். லயத்துக்கு, அதான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீட்டுக்குப் பின்னால மாமா கிழங்கும் லீக்ஸும் போட்டிருக்காரு, ராவைக்கு பன்னி வந்து கிண்டிப் போட்டிருச்சு, பாத்தி பாத்தியா மண்ணு பொரண்டு கெடக்கு. தேயிலைக்குள்ள இருந்து ஒரு கம்பிய எடுத்துக் காட்டுனாரு, மோட்டர் பைக் கிளச் கேபிள், முழங்கால் உயரத்துக்கு வளையமாப் போட்டு மறுபக்கத்த தேயிலைத் தூருல முறுக்கிக் கட்டியிருந்தாங்களாம், இழுக்க இழுக்க இறுகுமே தவிர விடாது.

"யாரோ பன்னிக்கு வச்சது தம்பி. கம்பிக்குத் தெரியுமா பன்னி எது புலி எதுன்னு?"

நம்ம பக்கம் புலின்னா சிறுத்தைதான். 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒண்ணு கம்பில மாட்டுனது ஞாபகம் இருக்கும், உடவளவைக்கு வைத்தியத்துக்குக் கொண்டு போயும் பொழைக்கல. சிறுத்தைக்கு பூங்கா எல்லை எங்க தெரியப் போகுது, அது ராவுல தேயிலை வழியாத்தான் ஒரு காட்டுல இருந்து மத்தக் காட்டுக்குப் போகுது. 2016ல உலக வங்கி காட்டுக்கும் வனவிலங்குக்கும்னு 4.5 கோடி டொலர் திட்டம் ஒண்ணுக்கு ஒப்புதல் குடுத்துச்சு. வேணாம்னு சொல்லல, காசில்லாம காட்டக் காப்பாத்த ஏலாது. ஆனா இப்பிடித் திட்டம்னா காடு, பூங்கா, டூரிஸ்ட்னுதான் முதல்ல யோசிக்கிறாங்க, லயத்துப் பாத்தி யார் கண்ணுலயும் படுறதில்ல, இது என்ட அபிப்பிராயம்.

"யாராச்சும் வந்து கதைச்சாங்களா மாமா?"

"வந்தாங்களே. புலியப் பாத்தா என்ன செய்யணும்னு படம் போட்ட பேப்பர் குடுத்தாங்க. பன்னியப் பாத்தா என்ன செய்யணும்னு அதுல இல்ல."

அத்தைக்கு சிரிப்பு தாங்கல. ஆனா விஷயம் அதுதான், பன்னிக்கு ஒரு வழி சொன்னா கம்பி தானா கொறையும், அதோட பன்னியத் திங்கிறதே சிறுத்தைதானே, அத கொன்னா பன்னி இன்னும் பெருகத்தான் செய்யும், மாமாவுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரியத் தேவையில்ல.

நல்ல வேலி ஒண்ணு அடிச்சா என்னன்னு கேட்டேன். நிலம் தோட்டத்துதாம், வேலி போட நிர்வாகத்துக்கிட்ட கேக்கணுமாம், ஒறுதிப் பத்திரம் இல்லாத நிலத்தக் காட்டி லோனும் எடுக்க ஏலாதாம்.