எல்லாம் நார்மல்

பிப்ரவரி 4, செவ்வாய்

யூரின் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஸ்கேனில் கல் இல்லை. பிராஸ்டேட் சுரப்பி 19 சிசி, விதைப்பையின் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் சுத்தம். "சந்தோஷமாப் போங்க தம்பி, எல்லாம் நார்மல்" என்று டாக்டர் ஃபைலை நீட்டினார். வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்ததும் வலி ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 5

தூக்கமில்லை.

பிப்ரவரி 8, சனி

அம்மா போன். "எல்லாம் உடம்புச் சூடுடா. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியா?" அவங்களுக்கு நீர்க்கடுப்பு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு எதைச் சொல்ல? டாக்டரிடமே "கீழே வலிக்குது சார்" என்றுதான் வாய் வந்தது, அவர் முழங்காலைப் பார்த்தார். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

வெந்தயத் தண்ணீர், இளநீர் எல்லாம் ஆயிற்று. பாத்ரூமுக்கு நடப்பதுதான் மிச்சம். போய் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் நிற்பது போலவே.

பிப்ரவரி 11, தைப்பூசம்

லீவு. படுத்தே கிடந்தேன், வலி இல்லை. உட்கார்ந்தால் வருகிறது. பைக் என்றால் துரைப்பாக்கம் சிக்னலுக்குள் வந்துவிடும். ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வராது. அது ஏன்? நாற்காலிதான் அதுவும், நடுவில் ஓட்டை, அவ்வளவுதானே?

அந்த ஓட்டையைப் பற்றியே நாள் முழுக்க யோசித்தேன். மனுசன் யோசிக்கிற விஷயமா இது.

பிப்ரவரி 15, சனி

வேறு டாக்டர். "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை. குரலைத் தாழ்த்தி, "வெளியில பழக்கம் எதுவும் உண்டா?" இல்லை. நம்பவில்லை என்பது எழுதிய டெஸ்டுகளிலேயே தெரிந்தது. கூடவே கிருமியைக் கொல்லும் லெவோஃப்ளாக்சசின் மாத்திரை, நாலு வாரத்துக்கு. கல்ச்சரில்தான் கிருமியே இல்லையே சார் என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்."

மாத்திரை டப்பாவுக்குள் இருந்த சீட்டைப் படித்தேன். குதிகாலின் பின்னால் இருக்கும் தசைநார் வீங்கலாம், கிழியவும் கிழியலாமாம். இப்போது படி ஏறும்போதெல்லாம் குதிகாலையும் கவனிக்கிறேன்.

பிப்ரவரி 18

எச்.ஐ.வி. நெகட்டிவ். சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். டெஸ்டும் நெகட்டிவ். அந்தக் கவர் கைக்கு வரும்வரை, செய்யாத பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

யூரோஃப்ளோமெட்ரி. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு புனலில் போக வேண்டும், வேகத்தை மெஷின் கோடு போட்டுக் காட்டும். சாதாரண நாளில் அரை மணிக்கொரு தரம் ஓடுகிறவனுக்கு அங்கே ஒரு சொட்டு வரவில்லை. வெளியிலிருந்து அட்டெண்டர், "சார், முடிஞ்சுதா? பின்னாடி ஆள் நிக்குது." அதோடு வருவதும் நின்றது. குழாயைத் திறந்துவிட்டு ஒருவழியாகப் போனேன். கோடு மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. அடைப்பு எதுவும் இல்லை, டென்ஷனில் இறுக்கிப் பிடிக்கிறீங்க என்றார்கள்.

ஃபைலில் இன்னொரு நார்மல்.

பிப்ரவரி 27

நடுவில் பள்ளம் உள்ள குஷன் வாங்கி ஆபீஸ் சேரில் போட்டேன். "பைல்ஸா ப்ரோ?" ஆமாம் என்றேன். அடடா, என்ன மரியாதை! மூலத்துக்கு எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருக்கிறது. ஹெச்.ஆர். அக்கா துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொன்னார். டீம் லீட் கருணைக்கிழங்கு. என் வலிக்கும் மூலம் மாதிரி ஒரு பெயர் இருந்தால் நானும் லிஃப்டில் நின்று பேசுவேன்.

மார்ச் 3, திங்கள்

முதுகு எம்.ஆர்.ஐ. கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவில் எல்5-எஸ்1 டிஸ்க்கில் லேசான புடைப்பு! ரிப்போர்ட்டை ஆட்டோவிலேயே பிரித்தேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கிடைத்துவிட்டது.

மார்ச் 5

கிடைக்கவில்லை. முதுகே வலிக்காத இருபது வயதுக்காரர்களை வரிசையாகப் படம் எடுத்தாலும் நூற்றில் முப்பது பேருக்கு இந்தப் புடைப்பு இருக்குமாம். எலும்பு டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, "ரொம்ப யோசிக்காதீங்க" என்றார்.

மார்ச் 9, இரவு 2 மணி

டிவியில் அந்த வைத்தியர். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, 'வாலிபர்களே' என்று. புரட்டு என்று தெரியும். தெரிந்தும் முழுசாகப் பார்த்தேன். ஃபைல் முழுக்க நார்மல் வைத்திருக்கிறவனிடம் இவன் ஒருவன்தான் உனக்கு நோய் இருக்கிறது என்று சொல்கிறான்.

மார்ச் 15, சனி

இன்னொரு டாக்டர். இவர் ஃபைலைத் திறக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னேன், டாய்லெட் உட்பட. சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். உட்கார்ந்தால் வலி, டாய்லெட் சீட்டில் இல்லை, தூக்கத்தில் எழுப்புவதில்லை என்றால் இடுப்புக்குழியின் அடிப்பகுதிக்குப் போகும் பூடெண்டல் நரம்பையும் நினைக்க வேண்டுமாம்.

பிறகு இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார். ஆசனவாய் வழியாக விரல் சோதனை. பிராஸ்டேட்டைத் தொட்டபோது ஒன்றுமில்லை. பக்கவாட்டுத் தசையை அழுத்தியதும் கத்திவிட்டேன். "இதானா அந்த வலி?" இதேதான். அச்சு அசல் இதேதான். இத்தனை மெஷினுக்கும் அகப்படாதது ஒரு விரலுக்கு அகப்பட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, வலியால் மட்டும் இல்லை.

நாள்பட்ட இடுப்புக்குழி வலி, சி.பி.பி.எஸ். பிராஸ்டேட் அழற்சியை நாலு வகையாகப் பிரித்ததில் இது மூன்றாவது. அந்தப் பெயரில் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த வகைதானாம், கிருமியே கிடையாது. லெவோஃப்ளாக்சசின் வேண்டாம். சிறுநீர் வழியைத் தளர்த்த டாம்சுலோசின், ராத்திரியில் நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், பிசியோ.

ஒரு கேள்வித்தாள் தந்தார். 43-க்கு 26 வாங்கினேன். கடைசிக் கேள்வி: இப்போது இருக்கிறபடியே மீதி வாழ்நாளும் போனால் எப்படி இருக்கும்? முதல் விடை 'பரம சந்தோஷம்'. யார் அதை டிக் செய்வார்கள்?

மார்ச் 16

வலிக்கிறது. பெயரோடு வலிக்கிறது.

மார்ச் 20, வியாழன்

பிசியோ தேடல், இடுப்புக்குழியின் அடித்தசைக்கு, அதாவது பெல்விக் ஃப்ளோருக்கு. "பெல்விக் ஃப்ளோர்னா டெலிவரி ஆனவங்களுக்குதான் சார்." அடுத்த இடம்: "மேடமுக்கா சார்?" எனக்கு என்றேன். போனை மூடிக்கொண்டு பின்னால் யாரிடமோ பேசி, லைனில் திரும்பி வரவே இல்லை.

ரூம்மேட் கீகல் பயிற்சி வீடியோ அனுப்புகிறான். ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற தசையை இன்னும் இறுக்குவதா! அதைச் செய்யவே கூடாது என்று டாக்டர் தனியாகச் சொல்லியிருக்கிறார். தளர்த்தத்தான் பழக வேண்டும். வயிறு உப்ப மூச்சை இழு, அடியில் எல்லாவற்றையும் விட்டுவிடு. இருபத்தாறு வருடம் பிடித்து வைத்ததை விடு என்றால் எப்படி?

மார்ச் 29

மாத்திரையால் வாய் காய்கிறது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. ஆனால் மத்தியான மீட்டிங் முழுக்க உட்கார்ந்திருந்தேன், முடிந்த பிறகுதான் வலி நினைவுக்கே வந்தது.

மார்ச் 30

நேற்று அப்படி எழுதியிருக்கக் கூடாது. இன்று காலையிலிருந்தே.

ஏப்ரல் 6, ஞாயிறு

கும்பகோணம் பக்கம் ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம். "பொண்ணு போட்டோ அனுப்பவா ராசா?" கொஞ்ச நாள் போகட்டும்மா என்றேன். "யாரையாச்சும் மனசுல வச்சிருக்கியா?" அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்தேன். அம்மா சந்தோஷமாகத்தான் போனை வைத்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 10

பிசியோ கிடைத்துவிட்டார், ஆண்களையும் பார்ப்பாராம். திங்கள் தமிழ்ப் புத்தாண்டு லீவு, அதனால் செவ்வாய் மாலை ஆறரைக்கு. பெருங்குடியிலிருந்து கிளம்புவதற்கு ஆபீஸில் ஒரு காரணம் வேண்டும். பைல்ஸ் ஆபரேஷன் என்று சொன்னால் பார்க்க வந்துவிடுவார்கள்.