நூலகத்தில் இரவல் எடுத்த பெட்டி

2000 பெப்ரவரியில் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற், நான்கு பெடியன்கள், ஒரு குளியலறை. வேலை விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பெட்டி அடுக்க வேண்டும். பஸ் மாறி மாறிப் போய்ச் சேரவே இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். பகலில் நித்திரை வராது. மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், கதைக்க ஆள் இல்லை. அதனால் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். உள்ளே சூடாக இருக்கும், யாரும் எழும்பிப் போ என்று சொல்ல மாட்டார்கள்.

கிடங்குக்குச் சாமான் கொண்டுவரும் லொறிச் சாரதி ஒருவர், அறுபது வயதிருக்கும், எப்போதும் ஒரே பாடகரின் பாட்டைத்தான் போடுவார். யார் என்று ஒரு நாள் கேட்டேன். "லைட்ஃபூட்" என்றார், இது கூடவா தெரியாது என்பது போல. அடுத்த நாள் நூலகத்தில் தேடினேன். கனடியப் பாடகர் கோர்டன் லைட்ஃபூட்டின் 'சோங்புக்' கிடைத்தது. ரைனோ நிறுவனம் 1999இல் வெளியிட்ட தொகுப்பு அது. ஒரு பெட்டிக்குள் நான்கு சீடி, 88 பாட்டு, கூடவே ஒரு புத்தகம். 1962இல் பதிந்த பாட்டில் தொடங்கித் தொண்ணூறுகளின் கடைசி வரைக்கும் போகிறது. அவ்வளவையும் இலவசமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதை முதலில் என்னால் நம்பவே முடியவில்லை.

தொகுப்பு என்றால் புகழ்பெற்ற பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். இதில் ஒரு மனிதனின் வாழ்க்கை வரிசையாகக் கிடந்தது. தொடக்கப் பாட்டுகளில் ஒன்ராறியோவின் ஒரிலியா என்ற சின்ன ஊரிலிருந்து வந்த 23 வயதுப் பெடியன் பாடுகிறான். இனிமையாகத்தான் பாடுகிறான், ஆனால் வானொலிக்கு எது பிடிக்குமோ அதையே பாடுகிறான். சில பாட்டுகள் தள்ளித்தான் அவனுக்குச் சொந்தக் குரல் வருகிறது. அது வரும் இடம் கேட்கும்போதே தெரியும். வந்த இடத்தில் தட்டுத்தடுமாறி, மற்றவர்களைப் போலக் கதைக்கப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

'ஏர்லி மோர்னிங் ரெயின்' பாட்டை முதன்முதலாக வேலையிடத்தில்தான் கேட்டேன். காலை நாலு மணி இடைவேளையில் கிடங்குக்குப் பின்னால் கம்பிவேலி ஓரம் போய் நிற்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் விமானங்கள் விளக்கெரிய ஓடி மேலே ஏறும். காதில் வோக்மன். பாட்டில் ஒருவன் கையில் காசில்லாமல் மழையில் விமான நிலையத்தில் நிற்கிறான். ஒரு 707 விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. சரக்கு ரயிலில் தொற்றி ஏறுவது போல விமானத்தில் தொற்ற முடியாதே என்கிறான். பனி காலணிக்குள் இறங்கிக்கொண்டிருக்க நான் அசையாமல் நின்றேன். லைட்ஃபூட் 1958இல் லாஸ் ஏஞ்சலிஸில் இசை படித்தவர். ஊர் நினைவு வந்தால் அங்கே விமான நிலையத்துக்குப் போய் விமானங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஆறு வருடம் கழித்து, ரொறன்ரோவில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொழுதில் அதைப் பாட்டாக்கினார். எல்விஸ் பிரெஸ்லியும் பொப் டிலனும் அதைப் பாடியிருக்கிறார்கள். எனக்கு லைட்ஃபூட் பாடியதுதான் வேண்டும்.

கனடாவின் நூற்றாண்டுக்காக அரச ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி கேட்டு அவர் எழுதிய ரயில்பாதைப் பாட்டும் பெட்டியில் உண்டு. 1967 புதுவருட நாளில் ஒளிபரப்பான பாட்டு அது. காட்டையும் மலையையும் உடைத்துத் தண்டவாளம் போட்டவர்களைப் பற்றியது. அந்தப் பாதையில் 15,000க்கும் மேற்பட்ட சீனர்கள் உழைத்திருக்கிறார்கள், பாட்டில் அவர்களுக்குப் பெயர் இல்லை. அது எனக்கு இன்றைக்கும் மனக்குறைதான். ஆனால் குடியுரிமைப் பரீட்சைப் புத்தகம் சொல்லித்தராத ஒன்றை அந்தப் பாட்டு சொல்லித்தந்தது. இந்த நாடு கூலிக்காரர்களின் முதுகில் எழும்பியது.

பெட்டி 1999உடன் முடிகிறது, மனிதர் முடியவில்லை. 2002இல் வயிற்றுப் பெருநாடி வெடித்து ஆறு வாரம் மயக்கத்தில் கிடந்தார். பிறகு எழும்பிவந்து திரும்பவும் மேடை ஏறினார். ரொறன்ரோவின் பழைய இசை அரங்கான மாஸி ஹோலைப் புதுப்பித்து 2021 நவம்பரில் திறந்தபோது அங்கே பாடினவரும் அவர்தான். மனைவியும் நானும் போயிருந்தோம். குரல் நூல் மாதிரி மெலிந்திருந்தது. 83 வயது. முதல் சீடியில் கேட்ட பெடியன் அந்த நூலுக்குள் இருந்தான். நான் அழுதேன்.

ஒரு பாட்டை இவ்வளவு நேரமும் சொல்லாமல் வைத்திருந்தேன். 1975 நவம்பர் 10ஆம் திகதி சுப்பீரியர் ஏரியில் புயல். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற இரும்புத்தாதுக் கப்பல் 29 பேருடன் தாண்டது. ஒருவரும் தப்பவில்லை. அடுத்த மாதமே ரொறன்ரோவில் அதைப் பற்றி லைட்ஃபூட் எழுதிய பாட்டைப் பதிந்துவிட்டார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும், கோரஸ் கிடையாது, கதை மட்டும்தான். கப்பலின் சரக்கறை மூடி உடைந்ததாக அதில் ஒரு வரி வரும். மாலுமிகள் மூடியைச் சரியாகப் பூட்டவில்லை என்ற பழி அந்த வரியோடு ஒட்டியிருந்தது. தவறு அவர்களுடையது அல்ல என்று தெரியவந்ததும், 2010இலிருந்து மேடையில் அந்த வரியை மாற்றிப் பாடினார். 2023 மே 1ஆம் திகதி அவர் இறந்தபோது டெட்ரோயிட்டில் மாலுமிகளின் தேவாலயம் 30 முறை மணி அடித்தது. 29 அவர்களுக்கு, ஒன்று இவருக்கு.

அம்மா 2012இல் எங்களிடம் வந்தார். வல்வெட்டித்துறைக்காரி, கடல் பார்த்து வளர்ந்தவர். ஒரு நாள் காரில் இந்தப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்லுறார் என்று கேட்டார். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"ஒருத்தரும் கரை சேரேல்லையோ?"

"இல்லை அம்மா."

"ஆக்களையாவது எடுத்தவையோ?"

"அதுவும் இல்லை. தண்ணி அவ்வளவு குளிர். உடம்பு மேல வராதாம்."

வரியை மாற்றிய கதையையும் சொன்னேன். "தாய்மாருக்காக மாத்தினவராக்கும்" என்றார். பிறகு கன நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பியைப் பற்றி அம்மா வீட்டில் கதைத்ததே இல்லை. மாமாவின் படம் மட்டும் சுவரில் இருந்தது.

"அவன்ர வள்ளத்துக்கு முத்துமாரி எண்டு பேர்" என்றார்.