அரிக்கமேடு: எதைப் பார்க்கப் போகிறோம்?

அரிக்கமேடு புதுச்சேரிக்குப் பக்கத்தில், ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுக ஊர். அங்கே போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் அதிகம். தப்பு அவர்கள் மேல் இல்லை. அகழாய்வுக்குத் தோண்டிய குழிகளைப் பிறகு மண் போட்டு மூடிவிட்டார்கள். தோப்புக்குள் நிற்கும் செங்கல் தூண்களை ரோமானியர் கட்டியது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மடத்தின் மிச்சம்.

அதனால் முதலில் புதுச்சேரி பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகம், பிறகுதான் மேடு. அருங்காட்சியகத்தில் இரண்டு வகைப் பானை ஓடுகளை நின்று பாருங்கள். ஆம்போரா தடித்த ஓடு. மது, எண்ணெய் வந்த ஜாடி. ரௌலட்டட் மெல்லிய தட்டு. உள்ளே அடிப்பாகத்தில் வட்டவட்டமாகப் பொடிப்புள்ளிகள். 1945-இல் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், இத்தாலியிலிருந்து வந்த அரிட்டைன் என்ற சிவப்புப் பளபளப்பு ஓடுகளை வைத்துத்தான் இவ்விடத்தின் காலத்தைக் கணித்தார். ரோமானியர் வருமுன்பே இங்கு ஊர் இருந்ததை 1989-92 அகழாய்வில் தொல்லியலாளர் விமலா பெக்லி காட்டினார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இங்கே மாலையில் கோக்கும் மணிகளைச் செய்தவர்கள் நம்மூர்க்காரர்கள்.

கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலம் தாண்டி இடப்பக்கம் வீராம்பட்டினம் சாலை. காலையிலேயே போங்கள், தண்ணீர் கையோடு. மழைக்குப் பின் புல் முழங்கால் வரை வளரும், பாம்பு இருக்கும். மூடிய செருப்பு போடுங்கள். ஆற்றங்கரையையும் தவறவிடாதீர்கள், கப்பல் சரக்கு இறங்கிய இடம்.

மண்ணில் மணியோ ஓடோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடம் போனால் அதன் காலத்தைச் சொல்ல வழியில்லை.