அகலக்கால் வைக்காத ஆபீஸ்

"ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்கண்ணே" என்றாள் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண். கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார்.

பாறசாலைப் பக்கம் ஒரு வீடு. ஓட்டுக்கூரையின் இரண்டு சரிவும் சேரும் மூலையில் மழைத் தண்ணீர் ஓடும் தகரப் பாத்தி. ஊற்றிய தண்ணீர் பாதி வழியிலேயே தளும்பி, ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவரில் இறங்கியது.

பாத்தியை அகலமாக்கச் சொல்லிவிட்டோம். ஜூனில் வரும் இடவப்பாதி மழையில் தெரிந்திருந்தால் வீட்டுக்காரர் சும்மா விட்டிருப்பாரா?

மார்த்தாண்டத்தில் இருப்பதால் எல்லையின் இரண்டு பக்கமும் வேலை வருகிறது. இங்கே தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், அங்கே கேரளாவின் 2019 பஞ்சாயத்து விதிகள். படம் வரைய ஆள் கிடைத்துவிடும். சைட்டில் நின்று வாளி கேட்கிற ஆள் உருவாக வருஷங்கள் ஆகும்.

கேரளாவில் குறைந்த செலவில் வீடு கட்டும் முறைக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர், சைட்டில் நின்றே கட்டியவர். 1985-இல் அவரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு வழியாக, பழகிய ஆட்கள் கையில்தான் அந்த முறை பரவியது.

அப்புறம் பணம். பிளான், அனுமதி, கான்கிரீட் என்று கட்டணம் தவணையாகத்தான் வரும். சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி டாண் என்று போக வேண்டும். ஆறு மாதச் சம்பளம் கையிருப்பு இல்லாமல் புது ஆள் எடுப்பதில்லை. கஞ்சத்தனம் என்கிறார் பார்ட்னர். சொல்லட்டும்.

அதனால்தான் திருவனந்தபுரம் கல்யாண மண்டப வேலையை ஓணம் கழித்துப் பேசலாம் என்றேன். மண்டபக்காரர் வேறு ஆர்க்கிடெக்டைப் பார்த்துவிட்டாராம். எனக்குத் தெரிந்தவர்தான், நன்றாகவே கட்டுவார்.