இடது காதில் ஒரு நீர்ப்பை

ஜூன் 4
தலை சீவும்போது இடது காது மடலின் மேல்பாதியில் சீப்பு தட்டியது. தொட்டால் மெத்தென்று உள்வாங்குகிறது. வலி துளியும் இல்லை. அடிபட்ட நினைவும் இல்லை.

ஜூன் 7
பொய் நீர்க்கட்டியாம். நிஜக் கட்டிக்கு உள்ளே ஓர் உறை இருக்கும், இதற்குக் கிடையாது. குருத்தெலும்பே இரண்டு ஏடாகப் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. முப்பது, நாற்பது வயது ஆண்களுக்குத்தான் அதிகம் வருமாம். (வயதை இப்படியா ஞாபகப்படுத்துவது!) டாக்டர் ஊசியால் உறிஞ்சினார், வெளிர் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி வந்தது. அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால் சில நாட்களுக்குள் எடுத்தாக வேண்டுமாம். விட்டால் மல்யுத்த வீரர்களின் காது போலச் சுருண்டு தடித்துவிடும்.

ஜூன் 10
மறுபடியும் வீங்கிவிட்டது. மூன்றே நாள்!

ஜூன் 12
வெறுமனே உறிஞ்சினால் பெரும்பாலும் திரும்ப வரும் என்று இன்றைக்குச் சொல்கிறார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏடுகளுக்கு நடுவே இடம் இருக்கும்வரை நீர் ஊறும், அதனால் இரண்டையும் ஒட்டவைப்பதுதான் வைத்தியமே. உள்ளே ஸ்டீராய்டு ஊசி போடலாம். சிலருக்கு அதிலேயே அடங்கும், ஆனால் குருத்தெலும்பு மெலிந்து காதின் வடிவம் மாறலாம். அறுவை செய்து முன்பக்க ஏட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தோலை மூடினால் திரும்ப வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவில், நீரை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் பட்டன் வைத்து, காதை ஊடுருவித் தைத்து அழுத்துவது. எடுத்த எடுப்பில் கத்திக்குப் போக மனம் வரவில்லை. பட்டன் என்றேன்.

ஜூன் 13
நிஜமாகவே சட்டைப் பட்டன்தான், கிருமி நீக்கியது. தையலை விட மரத்துப்போக வைக்கும் ஊசிதான் வலித்தது. குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் பெரும் தொல்லை என்று ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 17
வலப்பக்கம் மட்டுமே படுத்து கழுத்து பிடித்துக்கொண்டது. பார்ப்பவர்கள் எல்லாம் பட்டனைப் பற்றியே கேட்கிறார்கள்.

ஜூன் 27
பட்டனைப் பிரித்தாயிற்று. மடலில் இரண்டு வட்டத் தடம்.

ஜூலை 25
நீர் சேரவில்லை. அந்த இடம் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, தடவிப் பார்த்தால்தான் தெரியும். மறுபடி வீங்கினால் அறுவைதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சீப்பு இன்னும் அந்தப் பக்கம் மெதுவாகத்தான் போகிறது.