அனிமேஷன் டிஸ்க் போட்டா நான் மொதல்ல திறக்கிற பக்கம்

அனிமேஷன் படத்து டிஸ்க்ல டெலீட்டட் சீன்ஸ்னு ஒரு பகுதி இருக்கும்ல, அத நெறைய பேர் திறந்து பாத்துட்டு என்ன வெறும் கோட்டுப்படமா ஓடுதுன்னு உடனே மூடிடுவாங்க. எனக்கு அங்கதான் சுவாரஸ்யமே ஆரம்பிக்குது. நடிகர்கள வச்சு எடுக்குற படத்துல வெட்டுன சீன்னா அது முழுசா ஷூட் பண்ணி எடிட்டிங்ல தூக்குனது. அனிமேஷன்ல அப்படி பண்ணா கட்டுப்படியாகாது, ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் வேணும், அதனால மொத்தப் படத்தையும் மொதல்ல ஸ்டோரிபோர்டா, அதாவது காட்சி காட்சியா கோட்டுப்படமா வரைஞ்சு, கைக்கு கிடைச்ச குரல், தற்காலிக மியூசிக் எல்லாம் போட்டு ஸ்டோரி ரீலா ஓட்டிப் பாப்பாங்க, தேறாதத பெரும்பாலும் அந்த நிலைமையிலேயே தூக்கிடுவாங்க. அந்த ரீல் டிஸ்க்ல வரும்போது ஒரு கதை இன்னும் முடிவாகாம தடுமாறிட்டு இருந்த நேரத்த நாம பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி இருக்கு.

தி இன்க்ரெடிபிள்ஸ் டிவிடி (2005ல வந்தது, ரெண்டு டிஸ்க்) இதுக்கு நல்ல உதாரணம். அதுல ஒரு மாற்று ஓப்பனிங் இருக்கு, படத்தோட வில்லன் சின்ட்ரோம் ஆரம்பத்துலயே ஹீரோ ஹீரோயின் வீட்டுக்குள்ள புகுந்து மோதுறான். ஏன்னா அப்ப யோசிச்சு வச்சிருந்த மெயின் வில்லன் சீரெக்னு வேற ஒருத்தன், சின்ட்ரோம் தொடக்கத்துலயே முடிஞ்சு போற சின்ன கேரக்டர். டீம்ல எல்லாருக்கும் சின்ட்ரோம புடிச்சுப்போக அவனையே படம் முழுக்க கொண்டு வந்துட்டாங்க. இத ஒரு பேட்டியில சொல்லிக் கேட்டா ஒரு தகவல், அவ்வளவுதான். அந்த ரீல ஓட்டிப் பாக்கும்போதுதான் அவன்கிட்ட அப்படி என்ன கண்டாங்கன்னு நமக்கே புரியுது.

இத இன்னும் பெருசா பண்ணது பியூட்டி அண்ட் தி பீஸ்ட்டோட 2002 டிவிடி. படம் முடியறதுக்கு முன்னாடியே, 1991ல, நியூயார்க் திரைப்பட விழாவுல அத பல இடத்துல வெறும் பென்சில் கோடும் ஸ்டோரிபோர்டுமா போட்டுக் காட்டினாங்க, அந்த வெர்ஷன் முழுசா அந்த டிஸ்க்லயே இருக்கு, கூடவே தியேட்டர் வெர்ஷனும் ஒரு பாட்டு சேர்த்த வெர்ஷனும். கலர் படம் ஓடிட்டே இருக்கும்போது திடீர்னு பென்சில் கோடா மாறும், ஆனா நடிப்பு கொஞ்சம் கூட கொறையாது, சொல்லப்போனா சில இடத்துல கோட்டுலதான் உணர்ச்சி தூக்கலா இருக்கு. அதே மாதிரி 2019ல வந்த ஸ்பைடர்-மேன் இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ் டிஸ்க்ல ஆல்டர்னேட் யுனிவர்ஸ் மோடுன்னு ஒன்னு, வெட்டுன பகுதிய எல்லாம் ஸ்டோரிபோர்டாவே படத்துக்குள்ள அந்தந்த எடத்துல திரும்ப சொருகி நீளமான ஒரு படமா தந்திருக்காங்க. தனியா ஒரு லிஸ்ட்ல போட்டு வைக்கிறதுக்கும் இதுக்கும் நெறைய வித்தியாசம், அந்த சீன் எதுக்கு முன்னாடி எதுக்கு பின்னாடி இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் ஏன் போச்சுன்னு தெரியும்.

ஜப்பான் அனிமேஷன் ஸ்டுடியோ ஜிப்லியோட டிஸ்க்குகள் வேற லெவல். பல படத்துக்கு மொத்த ஸ்டோரிபோர்டும் படத்தோட ஒலியோட சேர்ந்து முழு நீளத்துக்கு ஓடும். அங்க டைரக்டரான மியாசாகி அவர் படத்துக்கு ஸ்டோரிபோர்ட் அவரே வரைவாரு, முழுசா வரைஞ்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே அனிமேஷன் வேலையும் ஆரம்பிச்சிடும், அதாவது முடிவு என்னன்னு யாருக்கும் தெரியாமலே படம் பாதி உருவாகிட்டு இருக்கும். அது தெரிஞ்சு அந்தக் கோடுகள பாக்குறது தனி அனுபவம். விளக்கமே கிடையாது, யாரும் வந்து பேசல, ஆனா இதவிட நல்ல பாடத்த நான் எந்த டிஸ்க்லயும் பாக்கல.

ஸ்டோரிபோர்டையும் முடிஞ்ச காட்சியையும் ஒப்பிட ரெண்டு வழி வச்சிருக்காங்க. ஒன்னு ஸ்கிரீன ரெண்டா பிரிச்சு மேல கீழ காட்டுறது, இன்னொன்னு ரிமோட்ல ஆங்கிள் பட்டன் அழுத்தி மாத்துறது. டிவிடில 9 ஆங்கிள் வரைக்கும் வைக்க முடியும், ஸ்கெட்ச், லேஅவுட், முடிஞ்ச படம்னு ஒரே காட்சிய அடுக்கடுக்கா பாக்க இதவிட பொருத்தமான வசதி கிடையாது. ஸ்கிரீன பிரிச்சா கண்ணு ரெண்டு பக்கமும் அலையுது, எதையும் ஒழுங்கா பாத்த மாதிரி இல்ல. எனக்கு எப்பவும் ஆங்கிள் பட்டன்தான்.

டிஸ்க்குல வர்ற குட்டிப்படங்கள்ல எனக்கு தி இன்க்ரெடிபிள்ஸ் டிவிடில வந்த ஜாக்-ஜாக் அட்டாக்தான் மொதல் எடம். படத்துல குழந்தைய பாத்துக்குற பொண்ணு பதறிப்போய் விட்ட வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான் நமக்கு கேக்கும், அந்த நேரத்துல வீட்டுல என்ன நடந்துச்சுன்னு இந்த குட்டிப்படம் காட்டும். வால்-ஈ டிஸ்க்ல வந்த பர்ன்-ஈயும் அதே வகைதான், கப்பலுக்கு வெளிய மாட்டிக்கிட்ட ரிப்பேர் ரோபோ. மான்ஸ்டர்ஸ் இன்க் டிவிடில வந்த மைக்ஸ் நியூ கார் ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு, நல்லாத்தான் இருக்கு, ஆனா படத்துல இருக்குற ஒரு ஓட்டைய அடைக்கிற சுகம் அதுல இல்ல. கேம்ஸ் பத்தி சொல்ல ஒன்னும் இல்ல, ரிமோட்ல அம்புக்குறி அழுத்தி ஆடுற எதையும் நான் ரெண்டாவது தடவ ஆடுனதில்ல.

இப்ப மெனு. டிவிடி மெனுங்கிறது உண்மையில ஒரு சின்ன வீடியோ, அதுலயே எழுத்தும் சேர்ந்து பதிஞ்சிருக்கும், நாம பட்டன் மாத்தும்போது மினுங்குறது மட்டும் மேல ஒட்டுன நாலே கலர் உள்ள ஒரு படலம். இவ்வளவு சின்ன வசதிய வச்சுக்கிட்டு என்னென்ன பண்ணாங்க! ஸ்னோ ஒயிட் 2001 டிவிடில மாயக்கண்ணாடியே நம்மகிட்ட பேசி வழிகாட்டும். ஃபைண்டிங் நீமோ 2003 டிவிடில மெனு பூரா கடலுக்கடியில, எழுத்து எல்லாத்தையும் மறைச்சுட்டு டிவிய மீன்தொட்டியாவே விட்டு வைக்கலாம், நான் எத்தனையோ நாள் வேல பாக்கும்போது அத ஓட விட்டிருக்கேன். லூப் முடியற எடத்துல மியூசிக் டக்குனு வெட்டி திரும்ப ஆரம்பிக்கும்ல, அந்த வெட்டு கூட எனக்கு மனப்பாடம்.

ப்ளூ-ரே வந்தப்போ டிஸ்க்ல 8.5 ஜிபி இருந்த எடம் 50 ஜிபி ஆச்சு, ஜாவா ப்ரோக்ராமே டிஸ்க்குக்குள்ள ஓடும், படம் ஓடிட்டு இருக்கும்போதே மேல பாப்-அப் மெனு வரும், இது டிவிடில முடியவே முடியாது. ஆனா அந்த பாப்-அப் வசதியாலேயே மெயின் மெனு சுருங்கிப்போச்சுன்னு நான் நெனைக்கிறேன், படத்து காட்சிங்க பின்னாடி ஓட அடியில ஒரு பட்டை, நாலு எழுத்து, எந்த டிஸ்க் போட்டாலும் ஒரே முகம். ப்ளூ-ரேவ முழுசா கொற சொல்லவும் மாட்டேன். பினோக்கியோ 2009 ப்ளூ-ரேல பழைய சதுர வடிவப் படத்துக்கு ரெண்டு பக்கமும் கருப்பா விடாம ஓவியர் டோபி ப்ளூத் வரைஞ்ச ஓவியத்த வச்சிருக்காங்க, காட்சிக்கு ஏத்த மாதிரி மாறும். ரட்டடூயி ப்ளூ-ரேல கமென்ட்ரி, அதாவது படம் எடுத்தவங்க படத்து மேலயே பேசுற பேச்சு, ஓடும்போதே ஓரத்துல ஸ்கெட்ச் எல்லாம் வந்து போகும். ஆனா பிடி-லைவ்னு சொல்லி இன்டர்நெட்ல இருந்து எடுத்துக்கற மாதிரி வச்சதெல்லாம் சர்வர மூடுனதோட போச்சு, டிஸ்க்ல பதிஞ்சது மட்டும்தான் இன்னும் நம்ம கையில இருக்கு.

அதனாலதான் புது பதிப்பு வாங்குனாலும் பழைய ரெண்டாவது டிஸ்க நான் யாருக்கும் குடுக்கறதில்ல, படம் புதுசுல பளிச்சுன்னு இருக்கும், பழைய மேக்கிங் பகுதில பாதி அதுல இருக்காது. இப்ப பிளேயர்ல கிடக்குறது ஸ்பிரிட்டட் அவே ஸ்டோரிபோர்ட். நேத்து தண்ணி மேல போற ரயில் வரைக்கும் வந்தேன், அந்த ரயிலுக்கு கோடு ரொம்ப கொஞ்சம்தான், பேப்பர்ல முக்கால்வாசி வெள்ளையா கிடக்கு, ஆனா ஒலி மட்டும் முழுசா இருக்கு. மிச்சத்த இன்னைக்கு ராத்திரி பாக்கணும்.