வழி கேட்டு வாங்குன ஓவியம்

ஸ்டான்லி ப்ரௌன்ங்கற கலைஞர் பத்தி எவ்ளோ பேசினாலும் எனக்கு அலுக்காது. தென் அமெரிக்காவுல இருக்குற சுரிநாம்ல 1935ல பொறந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தவரு. 1960கள் ஆரம்பத்துல தெருவுல எதிர்ல வர்றவங்கள நிறுத்தி, இந்த எடத்துக்கு எப்படி போறதுன்னு கேப்பாரு, கையோட பேப்பர நீட்டி வரைஞ்சு காட்டச் சொல்வாரு, அவங்களும் அவசரத்துல நாலு கோடு, ஒரு வளைவுன்னு கிறுக்கிட்டு போயிடுவாங்க, அதுமேல 'திஸ் வே ப்ரௌன்'னு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவாரு, அவ்ளோதான், படைப்பு ரெடி. யாரு வருவாங்க, என்ன வரைவாங்கன்னு அவருக்கே தெரியாது பாருங்க, அந்த துணிச்சல் எனக்கு ரொம்ப புடிக்கும்.

சில தாள்ல தெரு பேர் கூட இருக்காது, வெறும் கோடுதான், ஆனா வரைஞ்சவங்க வாயால வழி சொல்லிக்கிட்டே கைய இழுத்தது அப்படியே தெரியும். அந்த பேச்சு காத்தோட போயிடுச்சு. 2017ல அவரும் போயிட்டாரு. அந்த கோட்டயெல்லாம் ஒரு தடவயாவது நேர்ல பாத்துடணும்னு இருக்கு.